தொட்டி பெருக்க ஓர் ஆள் தேவை

ஊரில் பாதிப் பேருக்கு நீச்சல் சொல்லிக் கொடுத்தவளின் புருஷனுக்கு நீச்சல் தெரியாது. சொன்னால் சிரிக்கிறார்கள். நானும் முதலில் சிரித்தவன்தான். ஆனால் விளக்குக்குக் கீழே இருட்டு என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

நகராட்சி நீச்சல் குளத்தில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தவள் அவள். விசில் டீச்சர் என்றால்தான் யாருக்கும் தெரியும். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் இருந்ததோடு சரி. மூன்று வயதுக் குழந்தையிலிருந்து கல்லூரிப் பிள்ளை வரை அவள் கையில் தண்ணீர் குடிக்காதவர்கள் குறைவு. அவளுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. புது வகுப்பு தொடங்கும் அன்றைக்கு வரிசையைப் பார்ப்பாள். அதில் யார் அதிகமாக அழுகிறதோ அந்தக் குழந்தையைத்தான் முதலில் தூக்கிக்கொள்வாள். "நல்லா வர்றவன் தானா வந்துடுவான். அழறவன்தான் என் ஆளு" என்பாள். அப்படி அழுத பிள்ளைகளில் இரண்டு பேர் பின்னால் போட்டிகளுக்கெல்லாம் போய்க் கோப்பை வாங்கி வந்தார்கள். அதனால் அவளுக்குத் தன் கண் தப்பாது என்று ஒரு நினைப்பு. இருக்கட்டும், அந்த நினைப்பு என்ன செய்தது என்று பிறகு சொல்கிறேன்.

புருஷன் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். எஞ்சினைப் பிரித்துத் தரையில் பரப்பிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டே திரும்ப மாட்டக்கூடிய ஆள். ஆனால் வாளித் தண்ணீருக்கு மேல் எந்தத் தண்ணீரையும் அவர் நம்பியதில்லை. கல்யாணமான புதிதில், "நாளைக்கு வாங்க, கத்துத் தர்றேன்" என்றாள். "நாளைக்கு வர்றேன்" என்றார். முப்பத்து நாலு வருஷமாகியும் அந்த நாளைக்கு வரவில்லை.

வேலையை விட்டு வந்ததும், கையில் கிடைத்ததைப் போட்டு வீட்டுப் பின்புறத்தில் ஒரு சின்ன நீச்சல் குளம் கட்டினாள். எட்டு மீட்டர் நீளம், நாலு மீட்டர் அகலம். படிக்கட்டுப் பக்கம் மூன்றடி ஆழம், அங்கிருந்து சரிந்து அந்தக் கோடியில் ஐந்தடி. சொந்தக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, "இவ்வளவு பணத்தைப் போட்டுத் தொட்டி கட்டியிருக்காளே" என்று வாயில் கை வைத்தார்கள். தொட்டி என்கிற பேர் வீட்டிலும் ஒட்டிக்கொண்டது. நகராட்சிக் குளத்துக்குப் போக வெட்கப்படும் பெண்கள், நாற்பது ஐம்பது தாண்டியவர்கள், ஆறு பேர் தினமும் பத்து மணிக்கு வருவார்கள். அத்தனை பேரும் முதல் நாள் அழுதவர்கள்தான்.

பதினொரு மாதத்துக்கு முன் அந்த வகுப்பில்தான் அது நடந்தது. கையை எப்படி வீசுவது என்று காட்டிக்கொண்டு டீச்சர் ஐந்தடி ஆழத்தில் நீந்திப் போனாள். வலது கை மேலே போனது. பிறகு அது அவள் கையாகவே இல்லை. உடம்பின் பாதி கழன்று போனதைப் போல் உள்ளே இறங்கினாள். வாய் திறந்துகொண்டது. அவளிடம் கற்றுக்கொண்ட பெண்களே அவளை இழுத்துக் கரையில் போட்டார்கள். மூளையில் ரத்த அடைப்பு என்றார்கள் ஆஸ்பத்திரியில். பேச்சு ஒரு வாரத்தில் திரும்பியது. கால் மூன்று மாதத்தில் சரியானது. வலது கை மட்டும் பாதியில் நின்றுவிட்டது. டம்ளரைப் பிடிக்கும், பிடித்ததை மறந்து கீழே விடும்.

மெக்கானிக் எந்தச் சாமான் வாங்கினாலும் முதலில் கேட்பது, "ஸ்பேர் கிடைக்குமா?" என்றுதான். ஆஸ்பத்திரியில் டாக்டரிடமும் ஏறக்குறைய அதையேதான் கேட்டார். டாக்டர் சிரிக்கவில்லை. "தண்ணியில இறங்கச் சொல்லுங்க. தினமும் அரை மணி நேரம். அந்தக் கைக்கு அதைவிடப் பெரிய மருந்து என்கிட்ட இல்லை" என்றார்.

"இறங்கறேன் டாக்டர்" என்றாள் டீச்சர்.

இறங்கவில்லை. ஒரு நாள் தண்ணீர் ஜில்லென்று இருந்தது. ஒரு நாள் குளோரின் அதிகம். ஒரு நாள் இலை விழுந்து கிடந்தது. ஒரு நாள் தலைவலி. காரணமா கிடைக்காது? உண்மை என்னவென்றால் அவளுக்குப் பயம். அவ்வளவுதான், இதில் சுற்றி வளைக்க என்ன இருக்கிறது? "தண்ணி ஒண்ணும் பண்ணாதுடா, நம்பு" என்று ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்குச் சொன்னவள், இப்போது குளியலறையில் முகத்தில் தண்ணீர் ஊற்றிக்கொள்ளும்போதுகூட மூச்சைப் பிடித்துக்கொண்டாள். இதை யாரிடம் சொல்வது? விசில் டீச்சருக்குத் தண்ணீர் பயம் என்றால் ஊர் கைகொட்டிச் சிரிக்காதா? வாயை இறுக மூடிக்கொண்டாள்.

மெக்கானிக் பாட்டுக்குத் தினமும் காலையில் நீளக் கம்பும் வலையுமாகக் கிளம்பிவிடுவார். பக்கத்து வீட்டு மரம் ஒன்று தன் இலை முழுவதையும் இவர்கள் தொட்டியில்தான் கொட்டுவது என்று தீர்மானம் செய்திருந்தது. இலையை அள்ளுவார், சுவரைத் தேய்ப்பார், அடியில் படிந்த மண்ணை உறிஞ்சி எடுப்பார். ஒன்றரை மணி நேர வேலை. வகுப்பும் நின்றுபோய், யாரும் இறங்காத தண்ணீருக்கு இந்தச் சேவகம்.

"எதுக்குங்க தினமும் இப்படி இடுப்பை ஒடிச்சுக்கறீங்க?" என்று ஒரு நாள் கேட்டாள்.

"நீ எப்ப இறங்கினாலும் ரெடியா இருக்கணும்ல" என்றார்.

அதற்கு மேல் அவளால் அங்கே உட்கார முடியவில்லை. எழுந்து உள்ளே போய் ஏற்கெனவே கழுவிய பாத்திரத்தை மறுபடி கழுவினாள்.

போன மாதம் ஒரு காலை, எட்டாத இலைக்கு எட்டிக் கையை நீட்டியவர் கால் வழுக்கி ஆழப் பக்கத்தில் விழுந்தார். டீச்சர் ஏழடி தூரத்தில் நாற்காலியில் இருந்தாள். ஓடி வந்தாள். விளிம்பு வரை வந்தாள். அங்கேயே நின்றுவிட்டாள். கால் இரண்டும் சிமென்டில் முளைத்தவை மாதிரி நின்றன. மனிதர் தண்ணீருக்குள் இரண்டு முறை முங்கி எழுந்து, எப்படியோ துழாவி ஏணிக் கம்பியைப் பிடித்து, இருமிக்கொண்டே தானாக மேலே வந்தார். பத்து எண்ணுகிற நேரம்தான்.

"உன் கைதான் சரியில்லையே, நீ என்ன பண்ணுவ பாவம்" என்று அவர்தான் அவளைச் சமாதானம் செய்தார். அவள் தலையை ஆட்டினாள். கைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று அவளுக்குத் தெரியும். இருக்கிற இடது கையை வைத்தே பத்துப் பேரைக் கரை சேர்க்கத் தெரிந்தவள் அவள்.

மகள் ஊரின் அந்தக் கோடியில் இருக்கிறாள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. விஷயம் தெரிந்ததும் வந்து இறங்கினாள். அப்பாவை மேலும் கீழும் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், அந்த நீளக் கம்பை எடுத்துப் போய்க் காருக்குள் திணித்தாள். பாதிக் கம்பு ஜன்னல் வழியாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதன் முனையில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிட்டுத் திரும்பி வந்தாள்.

"மண்ணைப் போட்டு மூடிடலாம். மேல பூச்செடி வைக்கலாம். யாரும் இறங்காத தொட்டிக்காக அப்பா உயிரை விடணுமா?"

சொன்னால் யாரும் நம்பமாட்டீர்கள், அந்த நிமிஷம் டீச்சருக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கினது போல் இருந்தது. தொட்டி போய்விட்டால், 'எப்ப இறங்கப் போற?' என்று இனி ஒருத்தரும் கேட்க மாட்டார்கள். அந்த நிம்மதியைக் கண்டுதான் அவளுக்கு உண்மையிலேயே நடுக்கம் வந்தது. இப்போது விட்டால் அப்புறம் ஜன்மத்துக்கும் தண்ணீர் இல்லை. அவ்வளவுதான், கதை முடிந்தது.

"மிஷின் வாங்கிடலாம்" என்றார் மெக்கானிக். மகள் பேச்சை மீறி அவர் ஒரு வார்த்தை பேசி யாரும் பார்த்ததில்லை. "இப்பல்லாம் தானா பெருக்கற மிஷின் வந்திருக்காம். உள்ள போட்டா அதுவே சுத்தம் பண்ணிடுமாம்."

"ஆமா. வாங்கிடலாம்" என்றாள் டீச்சரும், கொஞ்சம் அவசரமாக.

மகள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஒரே ஒரு மாசம். யாரும் விளிம்புல நின்னு எட்டிப் பார்க்காம தொட்டி சுத்தமா இருந்தா, இருக்கட்டும். ஒரு நாள் தப்பினாலும் நான் மண்ணு லாரிக்குச் சொல்லிடுவேன். அப்புறம் என்கிட்ட அழக்கூடாது."

மெக்கானிக் அன்றைக்கே ஒரு நோட்டு வாங்கி, கோடு போட்டு எழுத ஆரம்பித்தார். தரை மட்டும் பெருக்குமா, சுவரும் ஏறுமா? மின்சார வயரா, பேட்டரியா? வயர் என்றால் முறுக்கிக்கொள்ளாமல் சுழலுமா? குப்பைக் கூடையை மேலிருந்து திறக்கலாமா, கவிழ்த்துப் போட்டுத் திறக்கணுமா? நனைந்த பிறகு என்ன எடை? இந்தக் கேள்வி முக்கியம்; ஏனென்றால் தூக்கப் போவது அவருடைய இடுப்பும் அவளுடைய ஒரு கையும்தான். கடைக்காரர் பொறுமைசாலி. இதையெல்லாம் போனில் கேட்டுவிட்டு, "ஐயா, மூணு மாடல் கொண்டாந்து தர்றேன். ஒவ்வொண்ணையும் ஒரு நாள் ஓட்டிப் பாருங்க. எனக்கு வேற கஸ்டமரும் இருக்காங்க" என்றார்.

முதலில் வந்தது பெரியது. வயர் உள்ளது. தண்ணீரில் விட்டதும் நேராக அடிக்குப் போனது. கோடு போட்டாற்போல் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தது. சுவரில் ஏறி, தண்ணீர் மட்டத்தில் படிந்த அழுக்கைத் தேய்த்துவிட்டு இறங்கியது. இரண்டு மணி நேரத்தில் தொட்டி கண்ணாடியாகிவிட்டது. டீச்சர் அதற்குப் பட்டாளம் என்று பேர் வைத்தாள்.

"என்னமா வேலை பார்க்குது பாத்தியா!" என்று மெக்கானிக் கைதட்டாத குறை.

"எல்லாத்தையும் அதுவே பண்ணிடுது. அப்புறம் நாம எதுக்கு?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இரண்டாவது, தொட்டியின் பம்போடு நீளக் குழாய் மாட்டி உறிஞ்சுகிற வகை. விலை குறைவு. ஆனால் குழாய் தொட்டி முழுக்கப் பாம்பு மாதிரி நெளிந்தது. போன இடத்துக்கே திரும்பத் திரும்பப் போனது. ஒரு மூலையைப் பார்க்கவே இல்லை. "இவன் வகுப்புக்கு வந்து அரட்டை அடிக்கற ஜாதி" என்றாள். நோட்டில் மெக்கானிக் அதை அடித்துவிட்டார்.

மூன்றாவது குட்டி. பேட்டரியில் ஓடுவது, தரை மட்டும்தான் பெருக்கும். தண்ணீருக்குள் போனதும் படிக்கட்டில் முட்டியது. பின்வாங்கியது. மறுபடி முட்டியது. திரும்பி மூலைக்குப் போய் மாட்டிக்கொண்டு விர் விர் என்று முனகியது. எப்படியோ விடுபட்டு நாலு முழம் போய், மறுபடி சுவரில் மோதியது. பேட்டரி தீரும்போது படிக்கட்டுப் பக்கத்துச் சுவரோரம் வந்து, களைத்துப் போய் நின்றது. படியில் உட்கார்ந்தபடியே குட்டைக் கொக்கியால் எடுத்துவிடலாம் என்றார் கடைக்காரர்.

டீச்சர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். பத்து மாதத்தில் முதல் தடவையாக அவள் முகத்தில் அந்தப் பழைய களை. "பாருங்களேன், முட்டி முட்டி வருது! விடாம வருது! எனக்கு இதுதாங்க வேணும்."

பார்த்தீர்களா, முன்னால் சொன்னேனே, அந்த நினைப்பு! அழுகிற பிள்ளையைத் தேர்ந்தெடுத்த பழக்கத்தில் பெருக்குகிற மிஷினையும் தேர்ந்தெடுத்துவிட்டாள். மிஷின் என்ன, பாசம் வைத்தால் நாளைக்குத் தேறிவிடுமா? மெக்கானிக்கின் நோட்டில் பட்டாளத்துக்குப் பதினெட்டு மார்க், குட்டிக்கு ஒன்பது. அது அவருக்குத் தெரியும். ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் இவள் எதையும் வேணும் என்று கேட்டதே இல்லை. சாப்பாடு வைத்தால் சாப்பிட்டாள், படு என்றால் படுத்தாள். இன்றைக்குத்தான் 'எனக்கு வேணும்' என்று வாய்விட்டுக் கேட்கிறாள். நோட்டாவது மண்ணாவது?

"ஸ்பேர் கிடைக்குமா?" என்று மட்டும் கடைக்காரரிடம் கேட்டார். கிடைக்கும் என்றார். வாங்கிவிட்டார்கள்.

இருபத்தேழு நாள் எப்படியோ ஓடியது. குட்டி முட்டும், மோதும், பாதி இடத்தை விட்டுவிடும். மறுநாள் அந்தப் பாதியைப் பெருக்கி, சுத்தமாக இருந்த பாதியை விட்டுவிடும். மேலே மிதக்கிற இலைகளை, விழுந்த சூட்டோடு மெக்கானிக் படியில் உட்கார்ந்து ஒரு சல்லடையால் தன் பக்கம் இழுத்துக்கொள்வார். டீச்சர் நாற்காலியில் இருந்தபடியே, "வலது பக்கம் திரும்புடா! அங்க இல்லடா, மக்கு!" என்று அதற்கு வகுப்பு எடுத்தாள். அதுவும் ஒரு சுகமாகத்தான் இருந்தது. ஆனால் அவள் இன்னும் ஒரு விரலைக்கூடத் தண்ணீரில் நனைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு மகள் பார்வையிட வருகிறாள். சனிக்கிழமை மத்தியானம் மெக்கானிக்குக் கை ஊறல் எடுத்தது. ஓடுகிற மிஷினைத் திறந்து பார்க்காமல் இருக்க ஒரு மெக்கானிக்கால் முடியுமா? இருபத்தேழு நாள் பொறுத்ததே பெரிது. குட்டியைக் கவிழ்த்துப் போட்டு, ஸ்க்ரூவைக் கழற்றி, அடித்தட்டை ஒரு நகக்கண் அளவு கீழே இறக்கி முடுக்கினார். தரையோடு ஒட்டிப் போனால் இன்னும் நன்றாக உறிஞ்சும் என்பது கணக்கு. கணக்கு சரிதான். ஆனால் தொட்டியின் நடுவில், தரை சரிகிற இடத்தில் ஒரு டைல்ஸ், போன வருஷத்துக்கு முந்தின வருஷம் பெயர்ந்து, தண்ணீரை வடித்துவிட்டு அவரே ஒட்டியது. பக்கத்து டைல்ஸைவிட அது அதே நகக்கண் அளவு தூக்கலாக இருந்தது.

ஞாயிறு காலை பத்து மணிக்குக் குட்டியை இறக்கினார்கள். நேராக நடுவுக்குப் போனது. அந்த டைல்ஸில் வயிறு மாட்டிக்கொண்டது. விர்ரென்று அழுதது, ஆடியது, சக்கரம் சுற்றியது, சிவப்பு விளக்கு எரிந்தது. பிறகு சத்தம் அடங்கிவிட்டது. ராத்திரிக் காற்றில் விழுந்து அடியில் படிந்த இலையெல்லாம் அதைச் சுற்றி அப்படியே கிடந்தது.

"நீங்க ஏதாவது நோண்டினீங்களா?"

"லேசாத்தான்" என்றார் மெக்கானிக், அவள் முகத்தைப் பார்க்காமல்.

"ஓடறதை ஓட விட மாட்டீங்களே! உங்களுக்கு அந்தக் கையைக் கட்டிப் போட்டாத்தான் ஆகும்."

குட்டைக் கொக்கி நடுவுக்கு எட்டாது. நீளக் கம்பு மகள் வீட்டில். கடைக்கு ஞாயிறு விடுமுறை. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஊரில் இல்லை. மணி பத்து இருபத்தைந்து. பதினொரு மணிக்கு அவள் வந்து இந்தக் கோலத்தைப் பார்த்தால் மண் லாரிதான். பூனைக்கு யார் மணி கட்டுவது?

"நான் இறங்கறேன்" என்றார் மெக்கானிக்.

"என்ன விளையாடறீங்களா? ஆழம் தெரியாம..."

"தெரியாம என்ன? நாலடி. அந்த டைல்ஸை ஒட்டினவனே நான்தான்."

"அப்ப உள்ள தண்ணி இல்லைங்க!"

அவர் அதற்குள் சட்டையைக் கழற்றிவிட்டார். அரைக்கால் சட்டையோடு படியில் இறங்கினார். முதல் படி. இரண்டாவது. முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் இறங்கினார். தொட்டி போய்விட்டால் இவள் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து வயசாகிவிடுவாள் என்று அவருக்குள் ஒன்று உந்தியது. டீச்சர் விளிம்பில் நின்று, தன்னை அறியாமல் சொல்ல ஆரம்பித்தாள். "மூச்சைப் பிடிக்காதீங்க. வாயால விடுங்க. காலைத் தேய்ச்சுத் தேய்ச்சு வைங்க." இடுப்பு வரை வந்தது. வயிறு. மார்பு. மிஷினுக்கு இன்னும் மூன்றடி இருக்கும்போது நின்றுவிட்டார்.

"டீச்சர்" என்றார். வீட்டில் அவரும் அப்படித்தான் கூப்பிடுவார். "கால் வரல."

"சரி, வேணாம், பின்னாடி வந்துடுங்க."

"பின்னாடியும் வரல."

அவர் கைகள் இரண்டும் தண்ணீருக்கு மேலே தூக்கியபடி நின்றன. கண்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. அந்த முகத்தை முப்பத்தோரு வருஷம் தினமும் பார்த்தவள் அவள். முதல் நாள் வரிசையில், அழுகையை அடக்கிக்கொண்டு நிற்கும் பிள்ளையின் முகம். போன மாதம் இதே தொட்டி விளிம்பில் அவரை விட்டுவிட்டு நின்ற கால்கள்தான் இப்போதும் கீழே இருக்கின்றன. "நகருடி" என்று அவற்றைப் பார்த்துத் திட்டினாள். வாய்விட்டே திட்டினாள். "நகருடி சனியனே!"

நகர்ந்தன. முதல் படியில் கணுக்கால் நனைந்தது. இரண்டாவது படி. மூன்றாவது. உடுத்திய துணி தண்ணீரில் உப்பி மேலே வந்தது. இடது கையால் அதை அழுத்தினாள். மார்பில் தண்ணீர் தொட்டபோது, திரும்பிவிடலாம் என்று உடம்பு முழுக்கக் கெஞ்சியது. அவருடைய கை எட்டும் தூரத்தில் இருந்தது. பிடித்துக்கொண்டாள். இரண்டு கைகளும் ஒன்றுபோல் நடுங்கின, யார் நடுக்கம் எது என்று தெரியவில்லை.

"ஏங்க" என்றாள். "அன்னைக்கு நீங்க விழுந்தப்ப நான் குதிக்கல. கைதான் காரணம்னு நீங்க நினைச்சுக்கிட்டு இருக்கீங்க. கை இல்லைங்க. பயம். உங்களை விட்டுட்டு நின்னேன்."

"தெரியும்" என்றார்.

"தெரியுமா?"

"முப்பத்து நாலு வருஷமா பயந்தவன் நான். பயந்த முகம் எனக்குத் தெரியாதா?"

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பதினொரு மாதமாகத் தனியாகத் தூக்கிச் சுமந்ததை இந்த மனுஷன் முதல் நாளிலிருந்தே பார்த்துக்கொண்டிருக்கிறார்! பார்த்துக்கொண்டே தினமும் இலை பொறுக்கியிருக்கிறார்! "சொல்லியிருக்கலாம்ல?" என்று மூக்கை உறிஞ்சினாள்.

"சொன்னா நீ ரோஷத்துல குதிச்சிருப்ப. அதான் சொல்லல."

சிரிப்பும் வந்தது. சிரித்தால் மூச்சு இளகும் என்று பிள்ளைகளுக்கு எத்தனை தரம் சொல்லியிருக்கிறாள். இளகியது. அவர் கையை எடுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டாள். "இப்ப என் கூட மூணு எட்டு வைங்க." வைத்தார். மூன்றாவது எட்டில் காலில் குட்டி தட்டுப்பட்டது. காலால் தள்ளிப் பார்த்தார்; அசைந்து கொடுத்தது, டைல்ஸை விட்டு விலகியது, ஆனால் மேலே வரவில்லை. நின்றுபோன மிஷின் எப்படி வரும்? யாராவது முங்கித்தான் எடுக்க வேண்டும்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நான் எடுக்கறேன். என் தோளை விடாதீங்க" என்றாள். மூச்சை இழுத்தாள். கண்ணை மூடிக்கொண்டு உள்ளே போனாள்.

சத்தமெல்லாம் நின்றது. அந்த அமைதி அவளுக்குப் பழக்கமானது. பாதி ஆயுளை அதற்குள்தான் கழித்திருந்தாள். நெஞ்சு படபடவென்று அடித்தது. அடிக்கட்டும் என்று விட்டாள். கண்ணைத் திறந்தாள். வெளிச்சம் டைல்ஸ் மேல் ஆடிக்கொண்டிருந்தது. இடது கையால் குட்டியின் பிடியைப் பற்றித் தூக்கினாள். ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அப்போது வலது கை வந்தது. அரைகுறையாகத்தான் வந்தது, விரல்கள் ஒழுங்காக மடங்கக்கூட இல்லை. ஆனால் அவள் கூப்பிடாமலே வந்து அடியில் முட்டுக் கொடுத்தது. மேலே எழுந்தாள்.

"அம்மா!"

மகள் விளிம்பில் நின்றிருந்தாள். கையில் மண்ணுக்கும் பூச்செடிக்கும் என்ன ஆகும் என்று தோட்டக்காரர் எழுதிக் கொடுத்த காகிதம். "என்னம்மா பண்றீங்க ரெண்டு பேரும்? அப்பா, நீங்க எப்படி உள்ள? பைத்தியமா பிடிச்சிருக்கு உங்களுக்கு?"

"கத்தாதடி. அப்பா பயந்துடுவாரு" என்றாள் டீச்சர். தலைமுடி முகத்தில் ஒட்டியிருந்தது, மூக்கிலிருந்து தண்ணீர் வழிந்தது, குரல் மட்டும் பழைய விசில் டீச்சருடையது.

மகளுக்கு அந்தக் குரல் கேட்டதும் என்னவோ ஆகிவிட்டது. அப்படியே விளிம்பில் உட்கார்ந்தாள். காகிதத்தை மடித்தாள், இன்னொரு மடிப்பு மடித்தாள், பிறகு அதைக் கைக்குள் கசக்கி வைத்துக்கொண்டு விசும்ப ஆரம்பித்தாள். "தலையை உள்ள விட்டியாம்மா? நெஜமாவே முங்கினியா?"

"முங்கினேன்டி. பயந்துக்கிட்டேதான் முங்கினேன்."

டீச்சர் குட்டியைத் தண்ணீரிலேயே தள்ளிக்கொண்டு போய் முதல் படியில் வைத்து, அதை ஒரு பார்வை பார்த்தாள். "பாவம் பிள்ளை. ஆனா வேலைக்கு ஆக மாட்டான். நாளைக்குக் கடைக்குப் போன் பண்ணு, இவனைத் திருப்பி எடுத்துக்கிட்டு அந்தப் பட்டாளத்தைக் கொண்டாரச் சொல்லு."

"அதான் எல்லாத்தையும் அதுவே பண்ணிடுதுன்னு வேணாம்னியாமே? அப்பா சொன்னாரு."

"பண்ணட்டும்டி. பெருக்கற வேலையை அது பார்க்கட்டும். எனக்கு இனிமே உள்ள வேலை இருக்கு."

நடுவிலிருந்து ஒரு குரல் வந்தது. மெக்கானிக் மார்பளவு தண்ணீரில், கைகளைத் தூக்கியபடி, விட்ட இடத்திலேயே நின்றிருந்தார். "ஏம்மா, ரெண்டு பேரும் அப்புறமா பேசிக்கோங்க. முதல்ல என்னைக் கரையேத்துங்க."

டீச்சர் திரும்பி அவரிடம் நடந்தாள். "கரைக்கு என்ன அவசரம்? முப்பத்து நாலு வருஷம் லேட்டா வந்திருக்கீங்க. மூக்கைப் பிடிங்க."